குண்டாகத்தான் வந்திருக்குதுங்க

குழு: நம்ம வீடு
ஏப்ரல், ஞாயிற்றுக்கிழமை

[காலை 7:04] தம்பி: (வீடியோ 0:41, கடற்கரையில பறவைகளைத் துரத்துற நாய்)

[7:04] தம்பி: வீரன் இன்னிக்குக் கடற்கரையில பண்ண அட்டகாசம். ஒரே பாய்ச்சல், மொத்தப் பறவைக் கூட்டமும் மேல!

[7:09] அத்தை: அடேயப்பா, எல்லாம் ஒண்ணா திரும்பும்போது வெள்ளி மினுக்குற மாதிரி இருக்கே

[7:10] சின்னவன்: அண்ணா ஸ்லோமோ ப்ளீஸ்

[7:12] தம்பி: நாலு தடவை துரத்தினான்டா. நாலாவது தடவை எந்திரிக்கவே சோம்பல் அதுங்களுக்கு. தின்னு தின்னு குண்டாயிடுச்சுங்க.

[7:20] நான்: நாலு தடவையா?

[7:20] தம்பி: போச்சு, அக்கா முழிச்சுட்டா

[7:23] நான்: குண்டாயிடுச்சுன்னியே, அது சரிதான். குண்டாகத்தான் வந்திருக்குதுங்க. வீடியோவை 0:17-ல நிறுத்திப் பாரு. வலது ஓரத்துல ஒண்ணு பக்கவாட்டுல நிக்குது. காலுக்குப் பின்னாடி, வாலுக்கு முன்னாடி வயிறு தொங்குதா?

[7:25] சின்னவன்: ஆமா! சின்னத் தொப்பை!

[7:26] நான்: பறவை ஆய்வுல நாங்க அதைத்தான் பார்ப்போம். பிடிக்காமலே, தூரத்துலேர்ந்து டெலஸ்கோப்புல பார்த்து 1லேர்ந்து 5 வரை மார்க் போடுவோம். தட்டையா இருந்தா 1, ரொம்பத் தொங்கினா 5. அஞ்சு வந்துட்டா அது இன்னிக்கோ நாளைக்கோ கிளம்பிடும்.

[7:27] மாமா: அப்போ நான் எப்பவோ கிளம்பியிருக்கணும்

[7:27] அத்தை: யாரும் பிடிச்சு வைக்கல

[7:31] பெரியப்பா: எங்கேம்மா கிளம்புது? வேடந்தாங்கல் மாதிரியா?

[7:34] நான்: இது வேற கூட்டம் பெரியப்பா. உள்ளான், உப்புக்கொத்தி, மூக்கன்னு கரையோரச் சேத்துல மேயுறதுங்க. குளிருக்கு இங்கே வந்துட்டு, இப்போ முட்டையிட வடதுருவம் பக்கம் போகுதுங்க. பகல் நீள நீள உள்ளுக்குள்ள ஏதோ திறந்து விட்ட மாதிரி பசி எடுக்கும். சில வாரத்துல எடை ஒண்ணரை மடங்கு, சிலதுக்கு ரெண்டு மடங்குகூட ஆகும்.

[7:36] பெரியப்பா: கட்டுச்சோறு எத்தனை நாளைக்குன்னு கேட்பாங்க. இதுங்க சோத்தை உடம்புலயே கட்டிக்கிட்டுப் போகுதுங்க, அப்படித்தானே?

[7:37] நான்: அதேதான்!

[7:39] சின்னவன்: ஆனா அக்கா, ஓட்டப்பந்தயத்துக்கு முன்னாடி எங்க பி.டி. சார் குளுக்கோஸ்தான் குடுப்பாரு. கொழுப்பு குடுக்க மாட்டாரு.

[7:46] நான்: நல்ல கேள்வி, இதுக்குக் கொஞ்சம் நீளமா எழுதணும். ஒரு கிராம் கொழுப்புல 9 கலோரி, சர்க்கரையில 4. அதோட போகல கணக்கு. சர்க்கரையை உடம்பு சேமிக்கிறப்போ தண்ணியையும் சேர்த்துத்தான் பிடிச்சு வைக்கும், ஈரத் துணி கனக்குற மாதிரி. கொழுப்பு காய்ஞ்ச சரக்கு. அதனால தூக்கிட்டுப் போற எடைக்குப் பார்த்தா கொழுப்பு கிட்டத்தட்ட எட்டு மடங்கு லாபம். நாம வேகமா ஓடும்போது கொழுப்பை அவ்வளவு சுருக்கா எரிக்க முடியாது, அதான் குளுக்கோஸ். இதுங்களோட நெஞ்சுத் தசையில கொழுப்பைச் சுமந்து கொண்டுபோய்ச் சேர்க்குற புரதம் எக்கச்சக்கமா இருக்கு. முழு வேகத்துல பறக்கும்போதும் கொழுப்புலயே ஓடும்.

[7:48] மாமா: தண்ணி? நடுக்கடல்ல எதைக் குடிக்கும்?

[7:49] நான்: கொழுப்பு எரிஞ்சாலே தண்ணி வரும் மாமா. ஒரு கிராம் எரிஞ்சா ஒரு கிராமுக்குச் சற்று மேலயே.

[7:50] மாமா: அப்போ எனக்குள்ள ஒரு குளமே இருக்கு

[7:53] தம்பி: சரிக்கா, எல்லாம் ஓகே. நாலு தடவை பறந்தா என்ன குறைஞ்சிடும்? மொத்தமா ரெண்டு நிமிஷம்.

[8:01] நான்: பறந்த ரெண்டு நிமிஷம் இல்லடா. கடல் வத்தி சேறு தெரியுற நேரத்துல மட்டும்தான் பந்தி. தண்ணி ஏறிட்டா கரையில ஒத்தக்கால்ல நின்னு காத்திருக்கணும். வீடியோவோட கடைசியைப் பாரு, இறங்கின பிறகும் எல்லாம் கழுத்தைத் தூக்கிக்கிட்டு வீரனையே பார்க்குது, ஒண்ணுகூடக் குனியல. நீ போனப்புறமும் அப்படித்தான் நின்னிருக்கும். நாலு தடவை. எரிச்சதும் போச்சு, தின்ன வேண்டியதும் போச்சு.

[8:02] தம்பி: ம்

[8:04] சித்தி: இப்பதான் பார்க்குறேன். சேத்துல அப்படி என்னதான் இருக்கு?

[8:09] நான்: புழு, சின்னச் சிப்பி, நண்டுக்குஞ்சு. ரெட் நாட்னு ஒண்ணு, ஈர மணல்ல அலகைச் செருகினா, உள்ளே இருக்குற சிப்பியைத் தொடாமலே அழுத்த வித்தியாசத்துல கண்டுபிடிச்சிடும். அப்படியே முழுசா விழுங்கி வயித்துக்குள்ள அரைக்கும். மேற்கத்திய உள்ளான்னு இன்னொண்ணு, சேத்து மேல படிஞ்சிருக்குற வழவழப்பு இருக்கு பாருங்க, பாசியும் நுண்ணுயிரும் சேர்ந்த படலம், அதை நக்கியே தின்னும். நாக்கு நுனியில பிரஷ் மாதிரி முடி.

[8:10] சித்தி: சேத்தை நக்குதா? உவ்வே

[8:10] நான்: உவ்வேன்னு நாம சொல்றதுல பாதி வயிறு நிறையுது அதுங்களுக்கு

[8:15] பெரியப்பா: எவ்வளவு தூரம் போகும்? இதுங்களைப் பத்தி ஒரு ஃபார்வர்டு வந்துச்சு, நம்ப முடியல.

[8:22] நான்: இதை நம்பலாம் பெரியப்பா. ஈ7-னு பேர் வெச்ச ஒரு பட்டைவால் மூக்கன், உடம்புல செயற்கைக்கோள் கருவியோட 2007 மார்ச்சுல நியூசிலாந்தை விட்டுக் கிளம்பிச்சு. ஒரு வாரத்துக்குச் சற்று மேல, எங்கேயும் இறங்காம 10,000 கி.மீ. தாண்டி சீனாவோட யாலு ஆத்து முகத்துவாரம். ஏப்ரல் முழுக்க அங்கே மேய்ச்சல். மறுபடி கொழுத்து மே மாசம் அலாஸ்கா. கடல்ல இறங்கவே முடியாத பறவை, கழுகு மாதிரி காத்துல மிதக்கவும் தெரியாது. சிறகடிச்சுக்கிட்டே இருக்கணும்.

[8:23] சின்னவன்: தூங்காதா???

[8:23] மாமா: மச்சான், நாம பஸ்ல எட்டு மணி நேரத்துக்கே இடுப்பு போச்சுன்னு படுத்தோம்

[8:30] நான்: எனக்கு இதுல ரொம்பப் பிடிச்சது வேற. அலாஸ்காவுல கிளம்பின கையோட ராடார் கூண்டுல மோதிச் செத்த மூக்கன்களை அறுத்துப் பார்த்திருக்காங்க. தியூனிஸ் பியர்ஸ்மா, ராபர்ட் கில் ரெண்டு பேரும் 1998-ல எழுதினது. உடம்புல 55 சதவீதம் கொழுப்பு! குடல், ஈரல், சிறுநீரகம், அரைவைப்பை எல்லாம் சுருங்கிப் போயிருக்கு. தின்னு முடிச்சாச்சு, இனிமே ஒரு வாரம் சமையல் இல்ல, அடுப்பை எதுக்குச் சுமக்கணும்? அதே சமயம் நெஞ்சுத் தசையும் இதயமும் பெருத்துடும். பயிற்சி ஒண்ணும் கிடையாது, உக்காந்து தின்னுக்கிட்டே.

[8:31] மாமா: இந்த வரத்தை யார்கிட்ட கேக்கணும்?

[8:33] அத்தை: குடல் சுருங்கினா போய் இறங்கின உடனே எப்படிடி சாப்பிடும்?

[8:41] நான்: அதான் அத்தை சிக்கலே. முதல்ல குடலைத் திரும்பக் கட்டணும், அப்புறம்தான் கெட்டியா எதையாவது தின்ன முடியும். அமெரிக்காவுல டெலவேர் வளைகுடான்னு ஒரு இடம். மே மாசம் குதிரைலாட நண்டு கரையேறி முட்டையிடும். முட்டை பச்சையா, கிட்டத்தட்ட கடுகளவுல, மெத்துனு இருக்கும், அரைக்கவே வேண்டாம். தென் அமெரிக்காவோட அடிமுனையிலேர்ந்து வர்ற ரெட் நாட் எலும்பும் தோலுமா அங்கே இறங்கி, ரெண்டே வாரத்துல 180 கிராமைத் தொடும். 1990கள்ல அந்த நண்டைக் கூண்டுப் பொறியில வைக்குற இரைக்குன்னு வாரிட்டாங்க. முட்டை குறைஞ்சுது, எடை ஏறாமலே கிளம்பின பறவை நிறைய. அப்படிப் போனது அடுத்த வருஷம் திரும்பி வர்றது குறைவு. 2008-ல நியூஜெர்சி மாநிலம் அந்த நண்டைப் பிடிக்கவே தடை போட்டுச்சு.

[8:44] நான்: எடை ஏன் முக்கியம்னா, வடக்கே போய் இறங்கும்போது சில வருஷம் இன்னும் பனி மூடியிருக்கும். தின்ன எதுவும் இருக்காது. பயணத்துக்குப் போக மிச்சம் இருக்குற கொழுப்புலதான் அந்த நாளை ஓட்டணும்.

[8:47] பெரியப்பா: வழிச்செலவுக்கு மேல கையில நாலு காசு வேணும். சரிதான்.

[8:52] தம்பி: இந்தச் செய்தி நீக்கப்பட்டது

[8:53] சின்னவன்: அண்ணா வீடியோவை எடுத்துட்டாரு!! நான் ஸ்லோமோ பண்ணிக்கிட்டிருந்தேன்

[8:55] நான்: டேய், அழிக்கச் சொல்லலடா. அந்த 0:17 எனக்கு வேணும்.

[8:56] தம்பி: தனியா அனுப்புறேன். நீ அதுங்களைக் கையில பிடிச்சிருக்கியா?

[9:03] நான்: அடையாளத்துக்குக் கால்ல வளையம் போடுறப்போ. கழுத்தடியில கவட்டை எலும்பு சேர்ற இடத்துல ஒரு குழி இருக்கும். அங்கே லேசா ஊதினா இறகு விலகும். தோல் கண்ணாடிக் காகிதம் மாதிரி, உள்ளே இருக்குறது அப்படியே தெரியும். இளைச்ச பறவைன்னா குழிக்குள்ள சிவப்பாத் தசை. கிளம்புற நேரத்துப் பறவைன்னா குழியே இருக்காது, மஞ்சளா வெண்ணெய் வழிச்சு விட்ட மாதிரி நிறைஞ்சு மேடாயிருக்கும். முதல் தடவை பார்த்தப்போ ஊதுறதையே நிறுத்திட்டேன், அந்த மஞ்சள் பூராவும் சேத்துலேர்ந்து வந்ததாச்சேன்னு. இதயம் மட்டும் உள்ளங்கையில விடாம அடிச்சுக்கிட்டிருந்துச்சு.

[9:05] அத்தை: பாவம்டி

[9:06] நான்: ஒரு நிமிஷம்தான், உடனே விட்டுடுவோம்

திங்கட்கிழமை

[காலை 6:48] தம்பி: (படம்)

[6:48] தம்பி: வீரனைக் கயித்துல கட்டிட்டு, தூரத்துலேர்ந்து ஜூம் பண்ணி எடுத்தேன். நடுவுல நிக்குறவனுக்கு எத்தனை மார்க்?

[6:55] நான்: 4. இன்னும் ரெண்டு மூணு நாள் தின்ன விடு.

[6:56] தம்பி: பக்கத்துல இருக்குறவன் ரொம்ப ஒல்லி

[6:57] நான்: அவன் 2. அவன் சேத்துலேர்ந்து தலையைத் தூக்கவே இல்ல பாரு.

[7:01] சின்னவன்: வீரனுக்கு எத்தனை அக்கா?

[7:02] தம்பி: அவன் 5. ஆனா எங்கேயும் கிளம்ப மாட்டான்.