கலைச்சொல்: கோலும் வளையமும், கூடவே நிற்கும் விலங்கும்

வணக்கம். மெசொப்பொத்தேமிய (பண்டைய ஈராக்) பெண்தெய்வச் சிற்பங்களுக்குத் தமிழில் படவிளக்கம் எழுத மூன்று சொற்கள் வேண்டும். கையில் இருப்பது ‘செங்கோலும் மோதிரமும்’, காலடியில் இருப்பது ‘வாகனம்’, சுமேரியப் பெண்தெய்வம் இனன்னாவின் நாணல் தூண் ‘கொடிக்கம்பம்’ என்று எழுதியிருக்கிறேன். முதல் படம் பிரிட்டிஷ் அருங்காட்சியகம் 2003இல் வாங்கிய ‘இரவின் அரசி’ என்ற களிமண் புடைப்புச் சிற்பம். திருத்தம் சொல்லுங்கள்.

— — —

> செங்கோலும் மோதிரமும்

இரண்டும் வேண்டாம். அக்காதியம் என்ற பண்டைய மெசொப்பொத்தேமிய மொழியில் செங்கோலுக்கு ‘ஹட்டு’ என்று தனிச்சொல் உண்டு. அது அரசன் ஏந்துவது. இந்தக் குட்டைத் தடியோ தெய்வத்தின் கையில் இருப்பது. மாரி என்ற பழைய நகரின் அரண்மனைச் சுவரோவியத்தில் சிங்கத்தின் மேல் ஒரு காலை ஊன்றி இஷ்தார் (இனன்னாவின் அக்காதியப் பெயர்) இதை நீட்டுகிறாள், எதிரே அரசன் நிற்கிறான். பாபிலோன் அரசன் ஹம்முராபியின் சட்டக் கல்லில் நீட்டுபவன் சூரியதேவன் ஷமாஷ்.

மோதிரம் விரலுக்கு உரியது. இங்கே இருப்பது முழுக் கையாலும் பற்றும் அளவுள்ள வளையம். ஊர் நகர அரசன் ஊர்நம்முவின் கல்லில் அது கயிற்றுச் சுருளாகவே தெரிகிறது. அதனால்தான் தடியை அளவுகோலாகவும் வளையத்தை அளவுக்கயிறாகவும் சில ஆய்வாளர்கள் கொள்கிறார்கள். தமிழில் ‘கோல்’ என்று மட்டும் சொன்னால் போதும். சோழர் கல்வெட்டில் நிலம் அளந்த பதினாறு சாண் கோலும் கோல்தான், ஊன்றுவதும் கோல்தான். எந்தப் பக்கமும் சாயாத சொல். ‘கோல்வளையம்’ என் பரிந்துரை.

— — —

> கோல்வளையம்

பொருள் சரி, தொகையில் சிக்கல். ‘கோற்றொடி’, ‘கோல்வளை’ இரண்டும் சங்கப் பாடல்களில் திரண்ட வளையலைக் குறிப்பவை. அன்மொழித்தொகையாக அதை அணிந்த பெண்ணையும் குறிக்கும். பெண்தெய்வப் படத்தின் கீழ் ‘கோல்வளையம்’ என்று போட்டால் அவள் கைவளையைச் சொல்வதாகவே படிப்பார்கள். (‘இரவின் அரசி’யின் கையில் வளையும் இருக்கிறது என்பது கூடுதல் தொல்லை.)

திருப்பிப் போட்டு ‘வளையக்கோல்’ என்றாலும் தப்பு. கோலின் தலையில் வளையம் பொருந்தியது என்று ஆகிவிடும். இரண்டும் தனித்தனிப் பொருள்கள், ஒரே பிடிக்குள் இருக்கின்றன, அவ்வளவே. ‘கோல்–வளைய இணை’ என்று வைக்கலாம். ‘இணை’ என்ற சொல் உம்மைத்தொகையை உறுதி செய்துவிடும். இரு கையிலும் இருந்தால் ‘இரண்டு கோல்–வளைய இணைகள்’ என்று எண்ணவும் வரும்.

தலையில் வளையம் உள்ளது உண்மையில் இனன்னாவின் தூண்தான். நாணற்கட்டின் நுனியை வளைத்துக் கட்டியது. ஏறக்குறைய ஒரு மீட்டர் உயரமுள்ள ‘ஊருக்’ நகரத்துக் கல் குடுவையில் பெண் உருவத்தின் பின்னால் இரண்டு நிற்கின்றன, வாயில்தூண்கள் போல. இனன்னாவின் பெயரை எழுதும் ஆப்பெழுத்துக் குறியும் இந்த வடிவம்தான். கொடிக்கம்பம் என்றால் கொடி எங்கே என்று கேட்பார்கள். ‘வளைதலைத் தூண்’ போதும்.

— — —

> வாகனம்

எல்லாரும் கோலைப் பிடித்துக்கொண்டு தொங்குகிறீர்கள். எனக்கு இதுதான் பெரிய பிழையாகப் படுகிறது. வாகனம் என்றதும் நம் மனம் மயிலுக்கும் நந்திக்கும் போய்விடும். நோய் தீர்க்கும் தேவி குலாவின் நாய் அவள் அரியணைக்கு அருகில் இருக்கிறது, அவள் அதில் ஏறுவதில்லை. சில எல்லைக்கற்களில் நாய் மட்டும் தனியாக நின்று அவளைக் குறிக்கிறது. இசின் நகரில் அவள் கோயிலருகே 33 நாய்களைப் புதைத்த இடம் கிடைத்தது. ஆகவே அது ‘அடையாள விலங்கு’. நம் மரபில் ஒப்புச் சொல்வதானால் முருகனின் மயிலைவிடக் கொடியில் உள்ள சேவல் நெருங்கிவரும்.

ஆனால் ‘அடையாள விலங்கு’ என்பதையும் எல்லா இடத்திலும் போடாதீர்கள். ‘இரவின் அரசி’யில் காலடியில் இரண்டு சிங்கம், இருபுறமும் இரண்டு ஆந்தை. சிங்கத்தை வைத்து இஷ்தார் என்கிறார்கள். தொங்கும் சிறகையும் ஆந்தையையும் கருநிறப் பின்புலத்தையும் வைத்து, கீழுலக அரசி எரெஷ்கிகல் என்பார் உண்டு. பழைய நூல்களில் லிலித் என்ற பெண்பேய். ஆந்தை இன்ன தேவிக்கு உரியது என்று உறுதியாகக் காட்டும் வேறு சான்று இல்லை. அதை அடையாள விலங்கு என்று எழுதினால், யாருடைய அடையாளம் என்ற கேள்விக்கு நீங்கள் பதில் வைத்திருக்க வேண்டும்.

எனவே இரண்டு சொல்: பார்த்ததைச் சொல்ல ‘உடன்விலங்கு’, உரியவள் யார் என்று உறுதியானபின் ‘அடையாள விலங்கு’. முன்னதோடு இடத்தையும் சேர்த்து எழுதுங்கள்: காலடியில், அருகில், கயிற்றுப் பிடியில். கடைசியானதற்கு, அக்காதிய முத்திரை ஒன்றில் இஷ்தார் சிங்கத்தைக் கயிற்றில் பிடித்தபடி அதன்மேல் கால் வைத்திருப்பதைப் பார்க்கலாம்.

— — —

நன்றி. வாகனத்தை எல்லாப் படங்களிலும் எடுத்துவிட்டேன். முதல் விளக்கம் இப்போது இப்படி:

‘சுட்ட களிமண் புடைப்புச் சிற்பம், உயரம் 49.5 செ.மீ., பழைய பாபிலோனியக் காலம். கொம்பு முடியும் தொங்கும் சிறகும் பறவைக் கால்நகங்களும் உடைய பெண்தெய்வம். இரு கையிலும் கோல்–வளைய இணை. உடன்விலங்குகள்: காலடியில் இரு சிங்கங்கள், அருகில் இரு ஆந்தைகள்.’

பெயர் போடவில்லை.

— — —

கொம்பு முடி இருப்பதால் ‘தெய்வம்’ வரை போகலாம், சரி. ‘பறவைக் கால்நகங்கள்’ போதாது. பாதமே பறவைப் பாதம். ‘பறவைப் பாதங்கள்’ என்று மாற்றிவிடுங்கள்.