மலையூர்ச் சமுதாயக் கூடம் ஒழுகுது: தார் சீட் ஒட்டினா போதுமா?

காப்பித்தோட்டம்:
ஏற்காட்டுப் பக்கம் எங்க ஊர்ச் சமுதாயக் கூடம் 40 அடிக்கு 25 அடி, தட்டையான கான்கிரீட் தளம். மழைக்கு ரெண்டு இடத்துல ஒழுகுது. மேட்டுப் பக்கச் சுவர்ல இடுப்பு உயரத்துக்குப் பூஞ்சை. காதுகுத்து, மகளிர் குழுக் கூட்டம் எதுவும் அங்க நடக்கறதில்ல. சேலத்துல மண்டபம் பிடிச்சா 20 கொண்டை ஊசி வளைவு இறங்கி ஏறணும், வயசானவங்க வர்றதே இல்ல. மேல தார் சீட் ஒட்டி வெள்ளையடிச்சா போதும்னு சிலர் சொல்றாங்க. சரியா வருமா? வாடகை, சாவி பத்தியும் சொல்லுங்க.

கொத்துக்கரண்டி:
தார் சீட் வேண்டாங்க. மழை விட்டு ஒரு மணி நேரம் கழிச்சு மேல ஏறிப் பாருங்க. தண்ணி தேங்கி நின்னா வாட்டம், அதாவது தண்ணி ஓடற சரிவு, இல்லைன்னு அர்த்தம். அதுமேல சீட் ஒட்டினா ஓரத்துல புகுந்த தண்ணி அடியிலயே நிக்கும், வெயிலுக்கு உப்பிப் பிரிஞ்சுடும்.

வடிகுழாய் வாயையும் பாருங்க. சில்வர் ஓக் நிழல் மரத்து இலை நனைஞ்சு பாய் மாதிரி அப்பிக்கும். தண்ணி கைப்பிடிச் சுவர் அடியில ஏறி, சுவரும் தளமும் சேர்ற மூலை வழியா உள்ள இறங்கும். வாய்க்கு 4 அங்குலக் குழாய், மேல கவிழ்த்த கம்பி வலை. ஜூன்ல இருந்து டிசம்பர் வரை வாரம் ஒருதரம் கூட்டணும்.

வாட்டம் பத்தடிக்கு 2 அங்குலம். பழைய பூச்சைப் பெயர்த்துட்டு, செங்கல் ஜல்லி இரண்டரைப் பங்குக்குச் சுண்ணாம்பு ஒரு பங்கு போட்டு, கட்டையால அடிச்சு இறுக்கி, மேல தட்டை ஓடு பதிங்க. மூலையைச் சாய்வாப் பூசணும். பிப்ரவரி, மார்ச்சுல செய்யுங்க. பனிமூட்டத்துல சுண்ணாம்பு சீக்கிரம் இறுகாது. முடிஞ்சதும் குழாயை அடைச்சு 2 அங்குலத் தண்ணி 48 மணி நேரம் நிறுத்திப் பாருங்க.

பூஞ்சை வேற கதை. அது மேல இருந்து வரல. பின்பக்கம் வெட்டின மேட்டு மண் சுவரை ஒட்டிக் கிடக்கும், பாருங்க. அந்த மண் ஈரம்தான் சுவர்ல ஏறும்.

ஊராட்சிமன்றம்:
கூடம் ஊராட்சியோட சொத்துப் பதிவேட்டுல இருக்கான்னு முதல்ல பாருங்க. இல்லைன்னா பழுதுக்குப் பணம் ஒதுக்க முடியாது. ஊர்க்காரங்க மூணுல ஒரு பங்கு போட்டா மிச்சத்தை அரசு போடற நமக்கு நாமே திட்டத்துல கேட்கலாம்.

வாடகையை ரசீதோட ஊராட்சிக் கணக்குல கட்டணும். முன்பணம் தனி, கரண்ட் மீட்டர் அளவைச் சாவி கொடுக்கும்போதும் வாங்கும்போதும் குறிச்சு, கரண்ட் செலவை முன்பணத்துல கழிங்க. சாவி ஊர்லயே இருக்கணும். அலுவலகத்துல ஒண்ணு, மகளிர் குழுகிட்ட ஒண்ணு. சாவிக்கு அலையவிட்டா ஜனம் திரும்ப வராது. பூட்டிக் கிடக்கற கூடம்தான் சீக்கிரம் பாழாகும்.

கிராம சபை வருஷம் 6 தரம். ஊராட்சி மக்கள்தொகை 501 முதல் 3,000 வரைன்னா குறைஞ்சது 100 பேர் வரணும். உங்க கூடத்துல பாய் விரிச்சா தாராளமா உட்காரலாம். காப்பிப் பழம் பறிக்கற மாசங்கள்ல குழுக் கூட்டத்தைச் சாயங்காலத்துக்கு மாத்துங்க.

அடுப்படி:
சாப்பாட்டுப் பந்தியில ஒரு இலைக்கு 2 அடி. 40 அடியில நடைவழி போக 18 இலை, நாலு வரிசை, பந்திக்கு 72 பேர். 300 பேர்னா அஞ்சு பந்தி. உள்ள விறகடுப்பு வைக்காதீங்க, புகையில சுவர் போயிடும். பின்னாடி தகரக் கொட்டகை போட்டு, கழுவற தண்ணிக்கு உறிஞ்சு குழி வெட்டுங்க. அண்டா, கரண்டி எல்லாத்துலயும் ஊர்ப் பேரும் எண்ணும் வெட்டிடுங்க. ஜமக்காளத்தை ஈரத்தோட சுருட்டினா மலைக் குளிருக்கு ஒரே வாரத்துல கரும்புள்ளி விழும்.

காப்பித்தோட்டம்:
நன்றிங்க. பார்த்தோம், பின்சுவரை ஒட்டி மூணடி மண். இப்பவே வெட்டி எடுத்துடலாமா?

கொத்துக்கரண்டி:
மழைக்காலத்துல தொடாதீங்க, மேடு சரியும். வெயில் வந்ததும் பத்தடி பத்தடியா எடுங்க. எடுத்த இடத்துல மேட்டை ஒட்டிக் கருங்கல் அடுக்குச் சுவர் கட்டிட்டு அடுத்த பத்தடிக்குப் போங்க. அந்தச் சுவருக்கும் கூடத்துக்கும் நடுவுல ரெண்டடி அகலத்துக்கு, கூடத் தரைக்கு ஒரு அடி கீழ வாய்க்கால். கூடத்துச் சுவர் நல்லாக் காய்ஞ்ச அப்புறம்தான் வெள்ளை.