புதுப்பிப்பு: உதிரிபாகத்துக்குக் காத்திருந்த வேலை தானாக முடிந்துபோன காரணம்

டைனமிக்ஸ் 365 ஃபீல்டு சர்வீஸில் (நேரில் போய்ச் செய்யும் சர்வீஸ் வேலைகளை நிர்வகிக்கும் மைக்ரோசாஃப்ட் மென்பொருள்), டெக்னீஷியன் 'உதிரிபாகத்துக்குக் காத்திருப்பு' என்று போட்டதும் ஒர்க் ஆர்டரே 'முடிந்தது' என்று மாறுகிறது எனக் கேட்டிருந்தேன். காரணம் கிடைத்துவிட்டது. தவறு நாங்கள் போட்ட செட்டிங்கில்தான்.

இங்கே நிலைகள் இரண்டு அடுக்கு. புக்கிங் என்பது ஒரு முறை போய்வருவது. ஒர்க் ஆர்டர் முழு வேலை. டெக்னீஷியன் மாற்றுவது புக்கிங்கின் நிலையை. அது ஒர்க் ஆர்டரின் நிலையைத் தன்னோடு இழுத்துச் செல்லும். நாமே உருவாக்கும் புக்கிங் நிலை ஒவ்வொன்றையும் மென்பொருளில் ஏற்கெனவே இருக்கும் நிலை ஒன்றோடு இணைக்க வேண்டும். நாங்கள் 'உதிரிபாகத்துக்குக் காத்திருப்பு' நிலையை 'முடிந்தது' என்பதோடு இணைத்திருந்தோம். வேறு புக்கிங் இல்லாததால் ஒர்க் ஆர்டரும் முடிந்துவிட்டது.

சரி, தீர்வு. அந்தப் புக்கிங் நிலையின் அமைப்பிலேயே, அது ஒர்க் ஆர்டரை முடிக்குமா என்று ஒரு ஆம்/இல்லை உண்டு. 'இல்லை' போட்டதும் ஆர்டர் திறந்தே இருக்கிறது. அப்புறம், காத்திருப்பின் காரணத்தை ஒர்க் ஆர்டரின் துணைநிலையில் (முதன்மை நிலைக்குக் கீழே வரும் கூடுதல் நிலை) எழுதுகிறோம். அட்டவணை போடுபவருக்கு அதுதான் உண்மையில் தேவை. பாகம் வந்ததும் இரண்டாவது புக்கிங்.

முன்பு தவறாக மூடியவற்றை ஒவ்வொன்றாகத் திறந்துகொண்டிருக்கிறேன்; பாதி முடிந்திருக்கிறது.