புதுக் குடியிருப்பு வருகிறது, பள்ளியில் இடம் இல்லை: கணக்குப் போட உதவுங்கள்

வணக்கம். எங்கள் பகுதியில் பெரிய குடியிருப்பு ஒன்றுக்கு அனுமதி கேட்டிருக்கிறார்கள். அருகிலுள்ள தொடக்கப் பள்ளியில் இப்போதே வகுப்புகள் நிரம்பியிருக்கின்றன. திட்ட வரைவில் சாலை, குடிநீர் பற்றிப் பக்கம் பக்கமாக இருக்கிறது. பள்ளி பற்றி ஒரே ஒரு வரிதான். அமெரிக்க நகரத் திட்டமிடல் வல்லுநர் கிளாரன்ஸ் பெர்ரி 1929-இலேயே பள்ளியை நடுவில் வைத்துத்தான் குடியிருப்பைத் திட்டமிடச் சொன்னார். இன்னமும் பள்ளி கடைசியில்தான் நினைவுக்கு வருகிறது என்பது வருத்தமாக இருக்கிறது.

வீடுகளின் எண்ணிக்கையை மட்டும் வைத்துக் கணக்கிட்டால் தப்பாகிவிடும் என்று புரிகிறது. ஒரு படுக்கையறை வீட்டைவிட மூன்று படுக்கையறை வீட்டில் பிள்ளைகள் அதிகம். அதுவும், கைக்குழந்தையோடு குடிவருபவர்களுக்குப் பள்ளி தேவைப்படுவது சில வருடங்கள் கழித்துத்தான். முதல் வருடச் சேர்க்கையை மட்டும் பார்த்து இடம் போதும் என்று முடிவு செய்துவிடுவார்களோ என்று பயமாக இருக்கிறது.

உங்கள் ஊரில் இப்படி நடந்திருந்தால் சொல்லுங்கள். ஒரு வீட்டுக்கு எத்தனை மாணவர்கள் என்று எதை வைத்துக் கணக்கிட்டார்கள்? பள்ளி இடங்கள் தயாரான பிறகே அடுத்த கட்ட வீடுகள் என்று நிபந்தனை போட வைத்தவர்கள் இருக்கிறீர்களா? பள்ளிக்கு நிலம் ஒதுக்கினால் மட்டும் போதுமா, கட்டடச் செலவையும் யார் ஏற்பது என்று எழுதி வாங்க வேண்டுமா? அப்புறம், ஆட்சேப மனுவின் மாதிரி இருந்தாலும் அனுப்புங்கள். கருத்துச் சொல்ல அதிக நாள் இல்லை.