டெல் துணை நின்றால் ஏஎம்டி பங்கு ஏறுமா?

கும்பகோணம் முதலீட்டாளர்:
அலுவலகங்களுக்கான ‘டெல் ப்ரோ’ மடிக்கணினிகளில், சிப் நிறுவனமான ஏஎம்டியின் ரைசன் பிராசஸர்களும் இடம்பெறும் என்று 2025 ஜனவரியில் அறிவிப்பு வந்தது. அதன் ‘வெனிஸ்’ சர்வர் சிப்போ, தைவான் சிப் தயாரிப்பாளரான டிஎஸ்எம்சியின் 2 நானோமீட்டர் நுட்பத்தைக் கொண்டது. போட்டி நிறுவனமான இன்டெல்லின் கோட்டையாக இருந்த அலுவலகச் சந்தையே திறந்துவிட்டதால், விலை இறங்கும்போதெல்லாம் இந்தப் பங்கை வாங்கிச் சேர்ப்பதே சரி என்பது என் உறுதியான கருத்து.

மன்னார்குடி வாசகர்:
ஐயா, 2006 மே மாதத்திலும் இதே உற்சாகம் இருந்தது. அதுவரை இன்டெல்லை மட்டுமே நம்பியிருந்த டெல், ஏஎம்டியின் ஆப்டெரான் சிப்புடன் சர்வர் தயாரிக்கப்போவதாக அறிவித்தது. ஆனால் ஜூலையில் இன்டெல்லின் கோர் 2 சிப் வந்தது. அதே மாதம் ஏடிஐ என்ற கிராஃபிக்ஸ் சிப் நிறுவனத்தை சுமார் 540 கோடி டாலருக்கு வாங்க ஒப்பந்தம் செய்து, ஏஎம்டி பெருங்கடனை ஏற்றது. மறு ஆண்டு வந்த ஏஎம்டியின் பார்சிலோனா சிப்பில் பிழை தெரியவந்து விநியோகம் தடைப்பட்டது. 2006 தொடக்கத்தில் 30 டாலரைத் தாண்டியிருந்த பங்கு, 2008 முடிவில் 3 டாலருக்கும் கீழே கிடந்தது. மேட்டூரில் தண்ணீர் திறந்த அன்றே கடைமடை நனைந்துவிடுவதில்லை.

கும்பகோணம் முதலீட்டாளர்:
தம்பி, அன்றைய ஏஎம்டி சொந்த சிப் ஆலைகளின் சுமையையும் தாங்கியது. 2009-இல் அவற்றைத் தனி நிறுவனமாகப் பிரித்துவிட்டது. போட்டியை நசுக்கியதாக ஏஎம்டி தொடுத்த வழக்கில், அதே ஆண்டு இன்டெல் 125 கோடி டாலர் கொடுத்துச் சமரசம் செய்துகொண்டதையும் கணக்கில் கொள்ள வேண்டும். 2017-இல் ரைசன் வந்த பிறகு நிலைமையே வேறு.

தஞ்சாவூர் கணினிக் கடைக்காரர்:
கல்லூரியில் சேரும் மகளுக்காக மடிக்கணினி வாங்க வரும் பெற்றோர், கைவைக்கும் இடத்தில் ஒட்டியிருக்கும் ஸ்டிக்கரைப் பார்த்துவிட்டு, “இன்டெல் ஐ5 இல்லையா?” என்றுதான் இன்றும் கேட்கிறார்கள். ரைசன் உள்ள மாடலின் வேகத்தை எடுத்துச் சொன்னால் பலர் ஏற்கிறார்கள். ஆனால் அவர்கள் மனம் மாறும்போது அந்த மாடல் கையிருப்பில் இருக்க வேண்டுமே! விலைப்பட்டியலில் இருப்பதெல்லாம் மொத்த வியாபாரியிடம் கிடைப்பதில்லை.

மன்னார்குடி வாசகர்:
நான் சொல்லவந்ததும் அதுவே. கணினி நிறுவனங்கள் எந்த ஒரு சிப் நிறுவனத்துக்கும் வாக்கப்பட்டவை அல்ல. 2025 செப்டம்பரில் மற்றொரு சிப் நிறுவனமான என்விடியா, இன்டெல்லில் 500 கோடி டாலர் முதலீட்டை அறிவித்தபோது, இரண்டும் சேர்ந்து தனிக்கணினிகளுக்கான சிப் உருவாக்கும் என்றும் சொன்னது. அது வந்தால் டெல் அதையும் வாங்கும். ஆகவே, கூட்டணிச் செய்தியைப் பார்த்து வாங்காமல், காலாண்டு அறிக்கையில் தனிக்கணினிப் பிரிவின் வருவாயும் தேங்கிய சரக்கின் மதிப்பும் எப்படி நகர்கின்றன என்று பார்த்த பிறகு முடிவெடுங்கள், ஐயா.