ஜப்பான் சின்ன கார்: பெட்ரோல் வரிசை இல்லையென்றால் அமெரிக்காக்காரன் தொட்டிருக்கவே மாட்டானா?

ஐந்தாம்_கியர்:
நேற்று டிரக் இழையில் பிக்கப்_பாண்டி எழுதியதைப் படித்ததிலிருந்து எரிச்சல் அடங்கவில்லை. "1973இல் அரபு நாடுகள் எண்ணெயை நிறுத்தின, பங்கில் வரிசை நின்றது, அந்தப் பயத்தில் வாங்கினார்கள், மற்றபடி ஜப்பான் சின்ன கார் மேல் அமெரிக்காக்காரனுக்கு ஆசையே கிடையாது" என்று ஒரே போடாகப் போட்டுவிட்டார். டொயோட்டா கொரோலா இங்கே அமெரிக்காவுக்கு வந்தது 1968இல். நிசானின் டாட்சன் 510 வந்ததும் அதே காலம்தான். அப்போது எந்த பங்கில் வரிசை? அமெரிக்கக் கம்பெனிகளே வெளிநாட்டுச் சின்ன வண்டிகளைப் பார்த்து மிரண்டுதான் 1970இல் கிரெம்லின், வேகா, பின்டோ என்ற சின்ன கார்கள் மூன்றையும் அடுத்தடுத்து இறக்கின. எண்ணெய்த் தடைக்கு மூன்று வருஷம் முன்னால்! அப்புறம் மைலேஜ். 1992 ஹோண்டா சிவிக் விஎக்ஸ் ஹைவேயில் காலனுக்கு 55 மைல். ஹைபிரிட் கிடையாது, பெரிய பேட்டரி கிடையாது, வெறும் பெட்ரோல் இன்ஜின். இதைச் செய்தவர்களைப் பார்த்து "பயத்தில் வாங்கினான்" என்று சொல்ல எப்படி மனசு வருகிறது?

பிக்கப்_பாண்டி:
என் பெயரைப் போட்டு இழை ஆரம்பித்ததற்கு நன்றி. ஒரே கேள்வி. 55 மைலா? எந்த ரோட்டில்? யார் ஓட்டி?

ஐந்தாம்_கியர்:
வண்டியோடு வந்த ஸ்டிக்கரிலேயே இருந்தது. டவுனில் 48, ஹைவேயில் 55. அரசாங்கத்தின் சுற்றுச்சூழல் பாதுகாப்பு முகமை கொடுத்த எண், நான் கற்பனை செய்ததில்லை.

கணக்குப்பிள்ளை:
இருவருக்கும் ஒரு தகவல். அந்த முகமை 2008 மாடலிலிருந்து கணக்கிடும் முறையை மாற்றியது. ஏசி போட்டு ஓட்டுவது, குளிரில் ஓட்டுவது, வேகமாக ஓட்டுவது எல்லாம் சேர்ந்தது. பழைய கார்களுக்கும் புது முறையில் எண்களைத் திருத்தி வெளியிட்டிருக்கிறார்கள். அதில் விஎக்ஸின் ஹைவே எண் 50ஐ ஒட்டித்தான் நிற்கிறது. பழைய ஹைவே சோதனையின் சராசரி வேகமே மணிக்கு 48 மைல்தான். இன்டர்ஸ்டேட்டில் 75இல் போகிறவருக்கு ஸ்டிக்கர் எண் கிடைக்காது.

பிக்கப்_பாண்டி:
இதைத்தான் கேட்டேன். 55 இல்லை. முடிந்தது கதை.

ஐந்தாம்_கியர்:
என்ன முடிந்தது? திருத்தம் எல்லா வண்டிக்கும்தான். உங்கள் டிரக்கின் எண்ணும்தான் அதே முறையில் கீழே இறங்கியது. 1992இல் ஷோரூமுக்குப் போனவன் பார்த்த எண் 55. அவன் 55ஐப் பார்த்துத்தான் வாங்கினான். 2008இல் வரப்போகும் கணக்கை அவன் எங்கே போய்ப் பார்ப்பான்? அந்த இன்ஜின் எப்படி வேலை செய்தது என்று தெரியுமா? மெதுவாகப் போகும்போது ஒவ்வொரு சிலிண்டரிலும் ஒரு இன்டேக் வால்வு பெயருக்குத்தான் திறக்கும், காற்று சுழன்று உள்ளே போகும், அதனால் பெட்ரோல் குறைவான கலவையும் ஒழுங்காக எரியும். 13 அங்குல அலுமினிய வீல், நீளமான ஐந்தாம் கியர், வண்டி எடையே ஒரு டன்னுக்குள். ஒவ்வொரு கிராமாக யோசித்துச் செய்த வண்டி.

பிக்கப்_பாண்டி:
வால்வு பாடம் வேண்டாம். 55 வந்ததா வரவில்லையா? அது போகட்டும், 2008 மே மாதத்துக்கு வாருங்கள். பெட்ரோல் 4 டாலரை நெருங்கியது. அந்த ஒரு மாதம் சிவிக்தான் நாட்டிலேயே அதிகம் விற்ற வண்டி, ஃபோர்டின் எஃப் சீரிஸ் டிரக் கீழே போனது. அந்த வருஷ மொத்தக் கணக்கில் மறுபடி எஃப் சீரிஸ்தான் முதலிடம். நான் சொன்னதும் இதுதானே? பெட்ரோல் ஏறினால் சிவிக், இறங்கினால் டிரக். பயம், வேறொன்றும் இல்லை.

ஐந்தாம்_கியர்:
சரி, பயம் என்றே வைத்துக்கொள்வோம். பயந்தவன் ஏன் ஜப்பான்காரனிடம் போனான்? 1973இல் அமெரிக்கச் சின்ன கார்கள் ஷோரூமில் நிற்கத்தானே செய்தன? வேகாவின் அலுமினிய பிளாக்கில் இரும்பு லைனர் கிடையாது. இன்ஜின் ஒருமுறை நன்றாகச் சூடேறினால் பிளாக் வளைந்துவிடும், அன்றிலிருந்து ஆயில் குடிக்க ஆரம்பித்துவிடும். முன் ஃபெண்டர் சீக்கிரமே துருப்பிடித்து உதிரும். பின்டோவுக்குப் பின்னால் மோதினால் பெட்ரோல் டேங்க் தீப்பிடிக்கும் ஆபத்து என்று 1978இல் 15 லட்சம் வண்டிகளைத் திரும்ப அழைத்தார்கள். அதே காலத்தில் ஹோண்டா என்ன செய்தது? 1970 தூய காற்றுச் சட்டத்தை நிறைவேற்றவே முடியாது என்று டெட்ராய்ட் கார் கம்பெனிகள் அழுதுகொண்டிருந்தபோது, புகையைச் சுத்தம் செய்யும் கேட்டலிட்டிக் கன்வெர்ட்டர் இல்லாமலேயே 1975 புகை வரம்புக்குள் வந்து நின்றது அவர்களின் சிவிசிசி இன்ஜின். சின்ன இன்ஜினில் யாரும் செய்வார்கள் என்று சொல்லிவிடக் கூடாதென்று செவ்ரோலே இம்பாலா ஒன்றை வாங்கி, அதன் பெரிய வி8இலும் அதே முறையைப் பொருத்திக் காட்டினார்கள்.

மிச்சிகன்_மாமா:
டெட்ராய்ட் அழுதது என்று இவ்வளவு எளிதாக எழுதுகிறீர்களே தம்பி. நான் இங்கே வேலைக்கு வந்தபோது மூடிக் கிடந்த தொழிற்சாலைகளைப் பார்த்துக்கொண்டேதான் தினமும் ஆபீசுக்குப் போனேன். அந்த ஊர்க்காரர்களின் வயிற்றெரிச்சல் உங்களுக்குத் தெரியாது. 1982இல் வின்சென்ட் சின் என்ற சீன அமெரிக்கரை, ஜப்பான்காரன் என்று நினைத்தோ என்னவோ, கார் தொழிலில் இருந்த இருவர் அடித்துக் கொன்றார்கள். சின்ன கார் பெருமை பேசும்போது அதையும் நினைக்க வேண்டும்.

ஐந்தாம்_கியர்:
மாமா, அந்தக் கொலையைக் கொரோலாவின் கணக்கில் எழுதாதீர்கள். அடித்தவர்கள் குற்றவாளிகள், கார் என்ன செய்தது? வேலையைப் பற்றிப் பேசுவதென்றால் ஹோண்டா 1982இலேயே ஒகையோவின் மேரிஸ்வில்லில் அக்கார்டு செய்ய ஆரம்பித்துவிட்டது. 1988இல் கென்டக்கியில் டொயோட்டா. இன்றைக்குக் கொரோலா மிசிசிப்பியில் செய்யப்படுகிறது.

மிச்சிகன்_மாமா:
தெற்கே போனது ஏன் என்று சொல்லுங்களேன். அங்கே யூனியன் கிடையாது. அதை மட்டும் விட்டுவிட்டீர்கள்.

பிக்கப்_பாண்டி:
மிசிசிப்பியில் செய்த காரை ஜப்பான் கார் என்று கொண்டாடுகிறார். 55ஐப் போல இதுவும் ஒரு கணக்கு.

சேலம்_டூ_சியாட்டில்:
இடையில் வருவதற்கு மன்னிக்கவும். நான் மாஸ்டர்ஸ் படிக்க வந்தபோது, படிப்பு முடித்து ஊர் மாறிய சீனியரிடமிருந்து லட்சம் மைல் தாண்டிய பழைய கொரோலாவை வாங்கினேன். கூரை பெயின்ட் வெளுத்து, டிரைவர் சீட் ஓரம் கிழிந்து பஞ்சு தெரியும். பின்சீட்டில் மூன்று பேர், டிக்கியில் எல்லோருடைய அரிசி மூட்டையும். ஆயில் மாற்றியதைத் தவிர நான் அதற்குப் பெரிதாக எதுவும் செய்ததில்லை. போகும்போது ஜூனியருக்கு விற்றேன், வாங்கிய விலையை விடக் கொஞ்சம்தான் குறைவு. எனக்கு மைலேஜை விட அந்த நிம்மதிதான் பெரிது. பெட்ரோல் விலை ஏறினாலும் இறங்கினாலும் வாங்கியிருப்பேன்.

பிக்கப்_பாண்டி:
மாணவன் வாங்குவான் தம்பி, கையில் காசு இருக்காது. குடும்பம் ஆனதும் என்ன வாங்கினாய்?

சேலம்_டூ_சியாட்டில்:
ராவ்4. ஆனால் அதுவும் டொயோட்டாதானே அண்ணே.

பிக்கப்_பாண்டி:
பார்த்தீர்களா! உயரமான வண்டிக்குத்தான் போனான். பனி பெய்யும் ரோட்டில் பக்கத்தில் சபர்பன் மாதிரி பெரிய வண்டி போகும்போது குழந்தையைச் சின்ன காரில் உட்கார வைக்க யாருக்கும் தைரியம் வராது.

ஐந்தாம்_கியர்:
அந்தப் பயத்தை உண்டாக்கியதே உங்கள் மாதிரி டிரக்காரர்கள்தான். ஒருவன் பெரிய வண்டி வாங்குகிறான், அதைப் பார்த்து மிரண்டு அடுத்தவனும் வாங்குகிறான், சின்ன கார்க்காரன் நடுவில் மாட்டிக்கொள்கிறான். சட்டமும் அதற்கே குடை பிடிக்கிறது. வண்டியின் நீள அகலம் கூடினால் எட்ட வேண்டிய மைலேஜ் இலக்கு குறைகிறது. அப்படி இருக்கும்போது எந்தக் கம்பெனி சின்ன கார் செய்யும்? 1981இல் அமெரிக்காவுக்கு வரும் ஜப்பான் கார்களுக்கு வருஷத்துக்கு 16.8 லட்சம் என்று வரம்பு போட வைத்தார்கள். எண்ணிக்கையைக் கட்டிப்போட்டால் எவனும் ஒரு காரில் அதிக லாபம் எதில் என்றுதான் பார்ப்பான். வண்டிகள் பெருத்தன, விலை ஏறியது, பின்னாலேயே அக்யூரா, லெக்ஸஸ் என்று சொகுசு பிராண்டுகள் எல்லாம் வந்தன. ஹோண்டா ஃபிட் 2020 மாடலோடு போய்விட்டது, டொயோட்டா யாரிஸும் அதே வருஷம், இப்போது மிட்சுபிஷி மிராஜும் இல்லை. வாங்க ஆள் இல்லாமல் போகவில்லை, விற்க மனமில்லாமல் போனது. குறைந்த சம்பளத்தில் தினமும் நாற்பது மைல் வேலைக்கு ஓட்டும் ஆளுக்குப் புது வண்டியே எட்டாமல் போய்விட்டது. எனக்கு வயிறு எரிவது அதற்காகத்தான்.

கணக்குப்பிள்ளை:
கொரோலா ஹைபிரிட் இன்றைய கடுமையான கணக்கிலேயே 50 கொடுக்கிறது. டவுன், ஹைவே சேர்த்து. அதைப் பற்றிப் பேசலாமே?

ஐந்தாம்_கியர்:
பேசலாம், ஆனால் அது விஎக்ஸ் மாதிரி மலிவு வண்டி இல்லை. பேட்டரியும் மோட்டாரும் வைத்து 50 எடுப்பது ஒன்று, ஒன்றுமே இல்லாமல் 55 எடுப்பது வேறு.

பிக்கப்_பாண்டி:
மறுபடியும் 55!

ஐந்தாம்_கியர்:
ஆமாம், 55. ஸ்டிக்கரில் 55. நூறு தடவை கேட்டாலும் 55.

மிச்சிகன்_மாமா:
யூனியன் பற்றிக் கேட்டதற்கு இன்னும் பதில் வரவில்லை.

ஐந்தாம்_கியர்:
மாமா, கலிபோர்னியாவின் ஃபிரிமான்ட்டில் ஜெனரல் மோட்டார்ஸ் மூடிய தொழிற்சாலையை 1984இல் டொயோட்டாவோடு சேர்ந்து மறுபடி திறந்தார்கள். பழைய யூனியன் தொழிலாளர்கள் பலர் அங்கேயே திரும்ப வேலைக்கு வந்தார்கள், யூனியனும் இருந்தது. அதே ஆட்கள் செய்த கார் தரத்தில் நன்றாக வந்தது. அப்படியென்றால் முன்பு தவறு யார் பக்கம்? நிர்வாகத்தின் பக்கம்தானே?

மிச்சிகன்_மாமா:
2009இல் அந்தத் தொழிற்சாலையை விட்டு முதலில் ஜெனரல் மோட்டார்ஸ் போனது, 2010இல் பின்னாலேயே டொயோட்டாவும் போனது. யூனியன் இருந்த ஒரே இடத்தைத்தான் டொயோட்டா மூடியது. அதையும் சேர்த்து எழுதுங்கள்.

பிக்கப்_பாண்டி:
எழுத மாட்டார் மாமா. டயர் இழையிலும் இப்படித்தான், தனக்குச் சாதகமானதை மட்டும் எடுத்துப் போட்டார்.

ஐந்தாம்_கியர்:
டயர் இழையில் பதில் சொல்லாமல் ஓடியது நீங்கள். இங்கே இழுக்காதீர்கள். மாமாவுக்கு இரவு விரிவாக எழுதுகிறேன், கென்டக்கிக் கணக்கோடு.