புதுப்பிப்பு: சோப்பின் மேல் படிந்த வெள்ளைப் பொடி

வீட்டில் செய்த முதல் சோப்பை அச்சிலிருந்து எடுத்ததும், மேலே வெள்ளையாக ஏதோ படிந்திருக்கிறது, எண்ணெயைச் சோப்பாக மாற்றும், தோலை அரிக்கும் காரமான காஸ்டிக் சோடா மிச்சமாகிவிட்டதோ என்று பயந்து எழுதியிருந்தேன். ஐந்து வாரம் ஆகிவிட்டது. பயப்பட ஒன்றுமில்லை.

அது சோடா சாம்பல். சோப்பு இறுகும் நேரத்தில், மேற்பரப்பில் இன்னும் எண்ணெயோடு சேராத காஸ்டிக் சோடா காற்றிலுள்ள கரியமில வாயுவோடு கலந்து சோடியம் கார்பனேட் ஆகிறது. அதுதான் மாவு தூவியது போலத் தெரிகிறது. கையுறை போட்டு ஈரத்துணியால் துடைத்தேன், போய்விட்டது. அடுத்த முறை ஊற்றியதும் ஒரு நாள் மூடி வைத்தேன். விளிம்பில் மட்டும் மெல்லிய கோடு.

காலி பால் அட்டைப்பெட்டிதான் இப்போதும் அச்சு. உள்ளே மெழுகுப் பூச்சு போல வழவழப்பு இருப்பதால் கிழித்தாலே கட்டி முழுசாக வந்துவிடுகிறது. இதற்காகத் தனியாக அச்சு வாங்கவே வேண்டாம் என்பேன்.

அப்புறம், அளவு. முதலில் தேங்காய் எண்ணெய் 300 கிராம், ஆலிவ் எண்ணெய் 200 கிராம். நுரை அபாரம், ஆனால் குளித்தபின் தோல் இழுத்தது. இப்போது அதை அப்படியே மாற்றிப் போட்டேன்: தேங்காய் 200, ஆலிவ் 300, காஸ்டிக் சோடா 73 கிராம். இதில் 5 சதவீத எண்ணெய் சோப்பாகாமல் மிஞ்சும். தராசு இல்லாமல் இதில் இறங்கவே கூடாது. தண்ணீரில்தான் சோடாவைச் சிறிது சிறிதாகப் போட வேண்டும், மாற்றி ஊற்றினால் கொதித்துத் தெறிக்கும். அலுமினியப் பாத்திரமும் ஆகாது.

இரண்டாவது கட்டிகள் அலமாரியில் காய்கின்றன. இன்னும் மூன்று வாரம்.